கண்ணுக்கு 52, காலுக்கு 38

அண்ணன் மகன் ஆசையாக வாங்கிய தடித்த சோல் ஸ்னீக்கரை மூன்றே வாரத்தில் கழற்றி மூலையில் போட்டுவிட்டான். "பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது சித்தப்பா, சாயங்காலம் ஆனால் கணுக்கால் வலிக்கிறது" என்றான். எடுத்து எங்கள் வீட்டுத் தராசில் வைத்தேன். ஒற்றைக் காலணி 790 கிராம்.

ஆம்பூரில் காலணித் தொழிற்சாலையின் சாம்பிள் அறையில் எனக்குப் பதினாறு வருட அனுபவம். வெளிநாட்டிலிருந்து வரைபடம் வரும், அளவு வரும், எந்த இடத்தில் எந்த நூல் என்பது வரை எழுதி வரும். அதை நாங்கள் தோலிலும் ரப்பரிலும் உருவாக்கி அனுப்புவோம். முதல் கோட்டிலிருந்து நானே வரைந்த காலணி என்று எதுவும் என்னிடம் இல்லை. அந்த 790 கிராமைப் பார்த்தபோது, இதைவிட நல்லதாக ஒன்றை என்னால் செய்ய முடியும் என்று தோன்றியது. வேலை முடிந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் உட்கார்ந்து பதினொரு மாதத்தில் செய்து முடித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலையாக அவனுடைய ஜோடியில் ஒன்றை நீளவாக்கில் அறுத்தேன். சோல் மட்டும் 540 கிராம். டி.பி.ஆர். எனப்படும் தெர்மோபிளாஸ்டிக் ரப்பரில் வார்த்து, எடையைக் குறைக்க உள்ளே தேன்கூடு போல அறைகள் விட்டிருந்தார்கள். அறைச் சுவர்கள் தடிமனாக இருந்ததால் எடை பெரிதாகக் குறையவில்லை. காலும் உள்ளே பொருந்தி உட்காரவில்லை, சோலின் உச்சியில் தட்டையான மேடை மீது நின்றது. சோலின் அடிப்பக்கமோ முனை வரை ஏறக்குறைய நேர்கோடு. மொத்தத்தில், சாதாரண காலணி ஒன்றை உயரமான பலகைமேல் ஏற்றி ஒட்டியது போன்ற அமைப்பு. கணுக்கால் வலித்ததில் வியப்பில்லை.

இந்த வடிவத்தை வெறும் அலங்காரம் என்று ஒதுக்குபவர்கள் எங்கள் தொழிலிலேயே உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. ஃபிலா நிறுவனத்தின் டிஸ்ரப்டர் 1996-லேயே வந்தது. 2013-இல் ராஃப் சிமன்ஸ், அடிடாஸுடன் சேர்ந்து ஓஸ்வீகோவைக் கொண்டுவந்தார். 2017-இல் பலென்சியாகாவின் ட்ரிபிள் எஸ் வந்தபோது ஓட்டம், கூடைப்பந்து, தடகளம் ஆகிய மூன்று காலணிகளின் சோல்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய தோற்றத்தை உலகம் முழுக்கப் பார்த்தார்கள். அந்த ஜோடியும் கனம்தான். கனத்தையே அதன் குணமாக்கி விற்றார்கள். நான் செய்ய நினைத்தது வேறு. தோற்றம் அதே அளவு தடிப்பாக இருக்க வேண்டும், பஸ்ஸுக்கு ஓடுகிற மாணவன் அதைப் போட்டுக்கொண்டு ஓட முடிய வேண்டும்.

காலணி லாஸ்டிலிருந்து தொடங்குகிறது. காலின் வடிவில் கடைந்த பிளாஸ்டிக் அச்சைத்தான் லாஸ்ட் என்கிறோம். 42-ஆம் எண் எடுத்துக்கொண்டேன். பிரெஞ்சு அளவு முறையில் ஒரு எண்ணுக்கு ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 6.67 மி.மீ. என்பதால் 42-ஆம் எண் லாஸ்டின் நீளம் 280 மி.மீ. என்னிடம் இருந்தது ஐரோப்பிய வாடிக்கையாளருக்கான ஓட்டக் காலணி லாஸ்ட். அது நம் கால்களுக்கு முன்பகுதியில் இறுக்கம் என்பது எனக்குப் பல வருடமாகத் தெரியும். சென்னையிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களின் பாதங்களை முப்பரிமாணத்தில் அளந்து, இந்தியப் பாதங்கள் அகலமானவை என்று கண்டறிந்து, நமக்கென்று 'பா' என்ற அளவு முறையைப் பரிந்துரைத்திருக்கிறது. நான் பழைய வழியில் போனேன். லாஸ்டின் முன்பகுதியில் இரண்டு பக்கமும் மெல்லிய தோல் துண்டுகளை ஒட்டி, ஓரங்களைச் சீவி, அகன்ற இடத்தின் சுற்றளவை 6 மி.மீ. கூட்டினேன்.

லாஸ்டில் இன்னொரு விஷயம் மறைந்திருக்கிறது. குதிகால் முன்பாதத்தைவிட எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. என் லாஸ்டில் அந்த வித்தியாசம் 11 மி.மீ. குதிகாலுக்கு அடியில் மட்டும் ஆசைப்பட்டு இன்னும் 10 மி.மீ. சேர்த்தால் காலணி முன்பக்கம் கவிழும், விரல்கள் நுனியில் போய் முட்டும். தடிமன் கூட்டுவதானால் முழு நீளத்துக்கும் கூட்ட வேண்டும். அப்படிக் கூட்டினால் அடுத்த சிக்கல் வந்து நிற்கிறது. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு மாதம் ஆனது.

முதல் மாதிரிச் சோலை 12 மி.மீ. தடிமனுள்ள, இ.வி.ஏ. எனப்படும் இலேசான நுரை ஷீட்டுகளை அடுக்கி ஒட்டி, சாணைச் சக்கரத்தில் தேய்த்துச் செய்தேன். குதிகாலில் 52 மி.மீ., முன்பாதத்தில் 41. பக்கவாட்டில் மூன்று அடுக்கு தெரிவது போல ஆழமான வாய்க்கால்கள் வெட்டினேன். மேசைமேல் வைத்துப் பார்த்தபோது நெஞ்சு நிறைந்தது. பழைய அப்பர் ஒன்றை, அதாவது சோலுக்கு மேலே காலை மூடும் பகுதியை ஒட்டி, போட்டுக்கொண்டு தொழிற்சாலை வராந்தாவில் இருபது அடி நடந்தேன். ஒவ்வொரு அடியிலும் குதிகால் காலணியை விட்டு மேலே கிளம்பியது.

காரணம் எளிது. ஒரு பொருளின் தடிமன் இரண்டு மடங்கானால் அதை வளைக்கத் தேவையான விசை எட்டு மடங்காகும், மூன்று மடங்கானால் இருபத்தேழு மடங்கு. நடக்கும்போது பாதம் விரல்களின் அடியில் மடிகிறது. சோல் மடிய மறுத்தால் கால்தான் காலணிக்குள்ளிருந்து கழன்று வரும். கயிற்றை இறுக்கிக் கட்டினால் தீர்ந்துவிடும் என்று ஒருவர் சொன்னார். கட்டிப் பார்த்தேன், மேல்பாதத்தில் தழும்பு விழுந்ததுதான் மிச்சம்.

எங்கள் சாம்பிள் அறையில் முப்பத்தைந்து வருடமாகப் பேட்டர்ன் வெட்டிய பாய் ஒருவர் இருக்கிறார். ஓய்வு பெற்ற பிறகும் மாதம் இரண்டு முறை வந்துவிடுவார். மாதிரியைக் கையில் வாங்கி, மேசையில் வைத்து, நுனியை விரலால் அழுத்தினார். காலணி அசையவில்லை. "தம்பி, மரக்கட்டைச் செருப்பு எப்படி நடக்க விடுகிறது? மடிவதில்லையே. உருளுகிறது, அதனால்தான்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் என் இரண்டு மாதத் திண்டாட்டம் முடிந்தது.

மடியாத சோல் உருள வேண்டும். அடிப்பக்கத்தைத் தொட்டில் கால் போல வளைத்தேன். குதியின் பின்முனையிலிருந்து சோலின் நீளத்தில் ஏறக்குறைய 62 சதவீதம் வரை தரையைத் தொடுகிறது. அதற்கு அப்பால் மெல்ல மேலெழுந்து, நுனி தரையிலிருந்து 26 மி.மீ. உயரத்தில் நிற்கிறது. வளைவு தொடங்கும் இடத்தை மூன்று மாதிரிகளில் மாற்றி மாற்றி நடந்து பார்த்தேன். 58 சதவீதத்தில் தொடங்கியபோது முன்னால் யாரோ தள்ளுவது போல இருந்தது. 67-இல் பழைய மரக்கட்டை திரும்பி வந்தது. அதோடு விரல் மடிப்புக்கு நேர் கீழே குறுக்காக மூன்று பள்ளங்கள் வெட்டினேன், ஒவ்வொன்றும் 9 மி.மீ. ஆழம். வெளியில் தெரிகிற அடுக்கு வாய்க்கால்களோடு அவை ஓரத்தில் போய்ச் சேருமாறு வரைந்ததால் அலங்காரம் போலவே தோன்றும்.

உயரத்துக்கு வருகிறேன். இந்தத் திட்டத்தில் நான் மிகவும் நேசிக்கும் பகுதி இதுதான். அறுத்த காலணியில் கால் மேடைமேல் நின்றது என்று சொன்னேன் அல்லவா, நான் காலைச் சோலுக்குள் இறக்கினேன். சோலின் மேற்பரப்பைக் கிண்ணம் போலக் குடைந்து, சுவர்களை ஓரத்தில் உயர்த்திவிட்டால், வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சோல் குதிகாலில் 52 மி.மீ. உயரம். உள்ளே நிற்கும் குதிகாலுக்கு அடியிலோ 38 மி.மீ. மட்டுமே. மீதி 14 மி.மீ. குதிகாலை இருபுறமும் அணைத்துப் பிடிக்கும் சுவர். தோற்றம் ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையவில்லை, கால் தரைக்கு அருகில் வந்தது, பக்கவாட்டு ஆட்டம் அடங்கியது. முன்பாதத்தில் வெளியே 41, உள்ளே 27. உள் அளவுகளின் வித்தியாசம் அதே 11 மி.மீ. என்பதால் லாஸ்டும் கச்சிதமாக உட்கார்ந்தது.

சோல் வெளியே எவ்வளவு பிதுங்கலாம் என்பதிலும் ஆசை ஒரு பக்கம் இழுத்தது, கணுக்கால் மறுபக்கம் இழுத்தது. குதியின் வெளிப்பக்கம் 16 மி.மீ. பிதுக்கி வரைந்தபோது படத்தில் கம்பீரம். நடந்தால் தரையைத் தொட்டவுடன் பாதத்தை உட்பக்கமாகத் திருகித் தள்ளியது, நீளமான நெம்புகோலின் முனையை மிதித்தது போல. 9 மி.மீ. ஆகக் குறைத்தேன். பின்பக்கம் நீண்டிருந்த குதியைச் சரிவாகச் சீவினேன். சீவாவிட்டால் மாடிப்படி இறங்கும்போது பின்விளிம்பு மேற்படியில் இடிக்கிறது.

பொருள் எது என்று முடிவு செய்ய வாளி நிறையத் தண்ணீர் போதும். மாதிரிச் சோல் மிதக்கும், இரண்டு கம்பியால் அழுத்தி முழுக்கி, வழிந்த தண்ணீரை அளந்தேன். சுமார் 800 கன சென்டிமீட்டர். இதைக் கன சென்டிமீட்டருக்கு 1.1 கிராம் எடையுள்ள கெட்டி ரப்பரில் செய்தால் சோல் மட்டும் 880 கிராம். 0.5 கிராம் பாலியூரித்தேன் நுரையில் 400. 0.22 கிராம் இ.வி.ஏ. நுரையில் 176. இன்னொரு காரணமும் இருந்தது. காலணிகளில் பயன்படும் பாலியூரித்தேன் வகைகள் பலவும் நம் ஊர்ப் புழுக்கத்தில் ஈரப்பதத்தால் சிதைந்து, பெட்டிக்குள் வைத்தபடியே சில வருடங்களில் பொடியாக உதிர்வதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். இ.வி.ஏ.தான் என்று அன்றே தீர்மானித்தேன். அதன் குறையும் தெரியும். நாள்பட அமுங்கி உயரம் குறையும், தார்ச்சாலையில் சீக்கிரம் தேயும். தேய்வுக்கு மருந்தாக, தரையைத் தொடும் இடங்களில் மட்டும் 3.5 மி.மீ. ரப்பர் பட்டைகள் வைத்தேன், அவை 80 கிராம்.

அச்சு செய்யும் கட்டத்தில்தான் கை நடுங்கியது. அலுமினிய அச்சு ஒரு எண்ணுக்கு ஒரு ஜோடி. சேமிப்பில் பெரும்பங்கு அதற்கே போனது. இ.வி.ஏ. ஊசிவார்ப்பில் ஒரு விந்தை உண்டு. அச்சைத் திறந்த நொடியில் உள்ளே அழுத்தத்தில் இருந்த நுரை பூரி போல உப்பிக்கொண்டு வெளியே தாவும். அதனால் அச்சை முடிவான அளவைவிடச் சிறியதாகக் கடைய வேண்டும். எவ்வளவு சிறியதாக என்பது கலவையைப் பொறுத்தது. உப்பியது பிறகு மெல்லச் சுருங்கவும் செய்யும். வார்த்துக் கொடுத்த இடத்தில் அன்று மாலையே அளந்தபோது நீளம் சரியாக இருந்தது. மகிழ்ச்சியோடு வீட்டுக்கு எடுத்து வந்தேன். மூன்றாம் நாள் லாஸ்ட் ஏற்றிய அப்பரைச் சோலுக்குள் இறக்கினால் இறங்கவில்லை. 4 மி.மீ. சுருங்கியிருந்தது. வார்த்த சோலை உடனே அறை வெப்பத்துக்குக் கொண்டுவராமல், படிப்படியாகச் சூடு குறையும் அடுப்பு வழியாக அனுப்பி நிலைப்படுத்த வேண்டும். அவசரத்தில் அந்தக் கட்டத்தை விட்டிருந்தார்கள். மறுபடி வார்த்து, நிலைப்படுத்தி, ஒரு நாள் முழுக்க ஆறவிட்டு அளந்தோம். அதிலிருந்து, ஆறாத சோலை நான் அளப்பதேயில்லை.

அப்பர் வேலை எனக்குச் சொந்த வீடு. லாஸ்ட் முழுக்க மாஸ்கிங் டேப் சுற்றி, அதன்மேல் பென்சிலால் கோடுகளை வரைந்து, டேப்பைக் கிழித்தெடுத்து அட்டையில் தட்டையாக ஒட்டினால் பேட்டர்ன் பிறக்கும். இவ்வளவு பெரிய சோலின்மேல் மெல்லிய, ஒழுங்கான அப்பரை வைத்தால் பெரிய உடம்பின்மேல் சின்னத் தலை வைத்தது போல ஆகிவிடும். அதனால் நுனியைச் சுற்றி ஒரு பட்டை, கயிற்றுத் துளைகளுக்குத் தனிப் பட்டை, பக்கத்தில் அலை போல ஒரு துண்டு, குதியில் இரண்டு அடுக்கு என்று வரைந்தேன். உள்ளே காற்றோட்டமான வலைத்துணி, மேலே 1.3 மி.மீ. மாட்டுத் தோல் ஸ்வேட். நாக்குக்கு 15 மி.மீ. நுரை. மொத்தம் 19 துண்டுகள்.

தைக்கும் பிரிவில் இருபது வருடமாகக் கம்ப மெஷினில் (கம்பம் போல உயர்ந்த மேடையுள்ள தையல் எந்திரம்) உட்காரும் அக்காவிடம் கொண்டுபோனேன். துண்டுகளை மேசையில் பரப்பி, ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தார். "தம்பி, இந்த இடத்தில் ஐந்து அடுக்கு சேர்கிறது. நீங்கள் எவ்வளவு சீவினாலும் ஊசி உடையும், உடையாவிட்டால் அந்த முண்டு சுண்டுவிரலைக் குத்தும்" என்றார். சுண்டுவிரலுக்கு மேலே அலைத் துண்டும் நுனிப் பட்டையும் துளைப் பட்டையும் சந்திக்கிற இடம் அது. வரைபடத்தில் எனக்குத் தெரியாதது அவர் விரல்களுக்குத் தெரிந்தது. அலைத் துண்டின் முனையை 12 மி.மீ. பின்னால் இழுத்தேன். மூன்று துண்டுகளை ஒன்றாக்கி, பிரிவு இருப்பது போன்ற தோற்றத்தை இரட்டைத் தையலால் காட்டினார். 19 துண்டு 15 ஆனது. விளிம்புகளை 8 மி.மீ. அகலத்துக்கு அரை மில்லிமீட்டர் வரை சீவிக் கொடுத்தேன். அவர் தைத்த முதல் ஜோடி இன்னும் என் மேசையில் இருக்கிறது. தையல் கோடு ஒரு இடத்திலும் தடுமாறவில்லை.

எல்லாம் கூடி வந்த பிறகு ஒட்டு கைவிட்டது. அண்ணன் மகன் போட்டுக்கொண்டு போன ஒன்பதாம் நாள், பாதத்தின் உள்வளைவில் சோலின் சுவர் உதடு பிரிவது போலத் திறந்தது. அடிப்பக்கம் உறுதியாக இருந்தது, சுவர் மட்டும் விட்டது. இ.வி.ஏ. நேரடியாகப் பசையை ஏற்காது. கழுவி, தனிப் பிரைமர் பூசி, புற ஊதா விளக்கின் கீழ் அனுப்பினால்தான் மேற்பரப்பு பசையைப் பிடிக்கும் குணம் பெறும். பிறகு பாலியூரித்தேன் பசை, 60 டிகிரி சூடு, பொருத்தி அழுத்தம். எல்லாம் முறைப்படி செய்திருந்தேன். இரண்டு இரவு யோசித்த பிறகுதான் விளக்கின் கீழே குனிந்து பார்த்தேன். விளக்கு மேலிருந்து எரிகிறது. என் சோல் ஆழமான கிண்ணம். அதன் செங்குத்தான உட்சுவர்கள் நிழலில் இருந்தன. பிரைமர் அங்கே வேலையே செய்யவில்லை. நான் பெருமைப்பட்ட அந்த 14 மி.மீ. சுவரே ஒளியை மறைத்திருக்கிறது.

சோலைச் சாய்த்து வைக்க மரத்தில் ஒரு தாங்கி செய்து, இடச்சாய்வில் ஒருமுறையும் வலச்சாய்வில் ஒருமுறையும் விளக்கின் கீழ் அனுப்பினேன். அழுத்துவதிலும் அதே குறை இருந்தது. வழக்கமான பிரஸ் கீழிருந்து மட்டும் அழுத்தும், சுவரை யாரும் தொடுவதில்லை. காற்றால் உப்பும் ரப்பர் பை நாலாபக்கமும் அணைத்து அழுத்தும் பிரஸ்ஸில் வைத்தேன். அப்பரில் சோலின் விளிம்பு வரும் உயரத்தை வெள்ளிப் பேனாவால் கோடிட்டு, அந்தக் கோடு வரை துல்லியமாகத் தோலைச் சுரண்டினேன். இழுத்துப் பார்க்கும் சோதனையில் மில்லிமீட்டர் அகலத்துக்கு 3 நியூட்டன் தாங்க வேண்டும் என்பது என் இலக்கு. முன்பு சுவரில் 1.6 கிடைத்தது, இப்போது 3.8. சுவரைச் சுற்றித் தைத்துவிடலாமே என்று சிலர் சொன்னார்கள். ரப்பர் கிண்ணச் சோலுக்கு அது பொருந்தும். மென்மையான இ.வி.ஏ.யை நூல் நாளடைவில் அறுத்துவிடும் என்பதால் மறுத்துவிட்டேன்.

திருத்திய ஜோடியில் ஒற்றைக் காலணி 507 கிராம். வளைக்கும் எந்திரத்தில் 30,000 முறை வளைத்தோம், பள்ளங்களின் அடியில் விரிசல் இல்லை. அண்ணன் மகன் ஆறு வாரம் போட்டான், மழையிலும் போட்டான். குதியின் கீழே 38 மி.மீ. இருந்தது 36.5 ஆக அமுங்கியது. வெளிப்பக்கக் குதியில் ரப்பர் பட்டைக்கும் விளிம்புக்கும் நடுவே 6 மி.மீ. இ.வி.ஏ.யை வெறுமனே விட்டிருந்தேன், அதைச் சரளைக்கல் கடித்துத் தின்றிருந்தது. பட்டையை விளிம்பு வரை நீட்டி அச்சில் திருத்தம் கொடுத்தேன். ஈரமான டைல்ஸ் தரையில் வழுக்குகிறது என்றான். ரப்பர்க் கலவையைக் கொஞ்சம் மென்மையாக்கி, கட்டங்களின் நடுவே மெல்லிய கீறல்கள் வைத்தோம். கணுக்கால் வலி பற்றி அவன் சொல்லவில்லை. நானாகக் கேட்டதற்கு, "மறந்தே போய்விட்டது சித்தப்பா" என்றான்.

தையல் அக்கா போன வாரம் தன் மகளுக்கு ஒரு ஜோடி வேண்டும் என்று கேட்டார், 38-ஆம் எண். லாஸ்ட் நீளம் 253 மி.மீ. அதே 52 மி.மீ. சுவரை வைத்தால் நீளம் குறைந்த காலணியில் சோல் பெட்டி போலத் தெரிகிறது, வளைவும் செங்குத்தாகிவிடுகிறது. குதியில் வெளியே 47, உள்ளே 34 என்று அட்டையில் வரைந்து, இ.வி.ஏ. ஷீட்டை மறுபடி அடுக்கத் தொடங்கியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணே வந்து நடந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.